பரிணாமம் என்னும் சொல்லும் தார்வினார் கொள்கையும்

ஒரு கொள்கையை மறுக்கப் புகுவோரும் தழுவப் புகுவோரும், முதற்கண் அக்கொள்கையை அதனை உடையார் கொண்டவாறே அறிதல் வேண்டும். பிறர் மதங்களைப் பரபக்கத்தில் முறைபட எடுத்தோதி மறுத்துப் பின்னரே தம் மதத்தைச் சுபக்கத்தில் நிறுவிய அருணந்தி சிவனாரின் நெறி நமக்கு இதனையே அறிவுறுத்தும். இந்நெறி பிறழ்ந்தவிடத்து மறுப்பு நிழலோடு பொருதலாய் முடியும். தழுவலோ பிறர் பொருளைத் தமதென மயங்குதலாய் முடியும். உயிரினங்களின் தோற்றம் பற்றிச் சார்லஸ் தார்வின் என்னும் ஆங்கில அறிஞர் வெளியிட்ட கொள்கை நம்மிடையே இவ்விரு குற்றத்திற்கும் ஆளாகியுள்ளது. அதற்கு ஒரு காரணம் அக்கொள்கைக்கு நாம் இட்டு வழங்கும் பெயரே என்பதும், அக்கொள்கை வளர்ந்த வரலாறு அப்பெயரின் பொருளினின்று மேன்மேலும் விலகியே வந்துள்ளது என்பதும் ஈண்டு ஆராயப்படும்.

நம்மவருள் ஒருசாரார், மணிவாசகப் பெருமான் சிவபுராணத்தில் புல் முதலாகப் பல பிறப்பும் பிறந்து இளைத்தமை கூறிய பகுதியை எடுத்துக் காட்டித் தார்வினார் கண்டதனை நம் முன்னோர் பன்னூறு ஆண்டுகட்கு முன்னரே கண்டனர் என்பர். மற்றொருசாரார், பால் தயிரானாற்போலக் குரங்கு மனிதனாதலை இன்று யாண்டுங் காண்கிலேம் ஆகலின் அக்கொள்கை பொய் என்பர். முன்னையோர் உடன்பட்டார், பின்னையோர் மறுத்தார். எனினும் இருவரும் கருதியது ஒன்றே. ஒரு பொருள் தானே மாறி மாறி உயர்நிலை எய்துதலே தார்வினார் கொள்கை என்று இருவரும் கொண்டனர். அங்ஙனம் கொள்ளுமாறு செய்தது பரிணாமம் என்னும் சொல்லாம்.

பரிணாமம் என்பது யாது? சாங்கியர் உலகத் தோற்றத்திற்குக் கூறும் வாதம் பரிணாமவாதம் எனப்படும். பிரகிருதி என்னும் மூலமே புத்தி முதலிய தத்துவங்களாகத் திரிந்து விரியும் என்பது அது. பால் தயிராதல் அதற்கு வழங்கும் உவமை. இதன் உள்ளுறையாக நிற்பது சற்காரியவாதம். காரியம் காரணத்திற் சூக்குமமாய் முன்னரே உளது. பின்னர் வெளிப்படுவதே தோற்றம் என்பது அதன் துணிபு. ஆகவே பரிணாமம் என்ற அளவிலே மூன்று கருத்துக்கள் அடங்கும். மாறுவது ஒரு பொருளே என்பது ஒன்று. அம்மாற்றத்திற்குரிய ஆற்றல் அப்பொருளின் அகத்தே உண்டு என்பது ஒன்று. மாற்றத்தின் முடிவு தொடக்கத்திலேயே அடங்கிக் கிடந்தது என்பது ஒன்று. இவ்வாதத்தின் தகுதி தகவின்மை ஈண்டு ஆராய்ச்சியன்று. சொல்லின் பொருள் இன்னது என்று வரையறுத்துக் கோடலே வேண்டுவது.

இனி, நாம் இச்சொல்லால் பெயர்த்த 'எவல்யூஷன்' என்னும் ஐரோப்பியச் சொல்லும் இக்குற்றத்திற்குப் புறம்பானதன்று. இலத்தீனில் அது சுருளை விரித்தலைக் குறித்தது. 18-ஆம் நூற்றாண்டில் ஆலர், பொன்னே முதலிய அறிஞர், கரு வளருங்கால் முன்னரே உருக்கொண்டு சுருங்கிக் கிடந்த உறுப்புக்கள் விரிதலை இச்சொல்லாற் குறித்தனர். ஆகவே அங்கும் அது உள்ளது வெளிப்படுதல் என்னும் பொருளதே. பெயர்த்தவர் பிழை பெயர்ப்பில் அன்று. மூலச்சொல்லே கொள்கைக்கு முந்தியதும் கொள்கைக்கு ஒவ்வாததுமாம்.

1809-இல் பிரெஞ்சு அறிஞர் லாமார்க் தம் விலங்கியல் தத்துவ நூலை வெளியிட்டார். உயிர்கள் எளிய நிலையினின்று சிக்கலான நிலைக்கு இயல்பாகவே ஏறிச் செல்லும் போக்குடையன என்றும், உறுப்புக்களைப் பயன்படுத்தலாலும் பயன்படுத்தாமையாலும் ஓருயிர் தன் வாழ்நாளில் எய்திய மாறுதல் அதன் மக்களுக்கும் வரும் என்றும் அவர் கொண்டார். இங்கே மாறுவது ஓருயிரின் உடல். மாற்றும் ஆற்றல் அதன் அகத்தது. எனவே, பரிணாமம் என்னும் பெயர் லாமார்க்கின் கொள்கைக்குப் பெரிதும் பொருந்தும். தார்வினார் கொள்கைக்கு அது பொருந்துமா என்பதே வினா.

தார்வினார் கொள்கை 1858 ஜூலை 1-ஆம் நாள், அதனைத் தனித்துக் கண்ட ஆல்பிரெட் ரஸல் வாலேசின் கட்டுரையோடு, இலண்டன் லின்னேயச் சங்கத்தில் படிக்கப்பெற்றது. 1859 நவம்பர் 24-ஆம் நாள் 'இனங்களின் தோற்றம்' என்னும் நூல் வெளிவந்தது. அதன் சாரம் வருமாறு: ஓரினத்து உயிர்கள் தம்முள் சிறிது சிறிது வேறுபடுவன. அவ்வேறுபாடுகளுட் பல வழிவழி வருவன. பிறப்பன அனைத்தும் பிழைத்து ஈனுதல் இயலாது. ஆகவே சூழலுக்கு இயைந்த வேறுபாடுடையன மிகுதியாகப் பிழைத்து மிகுதியாக ஈனும், ஏனையன குறையும். இங்ஙனம் தலைமுறைதோறும் இனத்தின் இயல்பு பெயரும். இதற்கு அவர் இட்ட பெயர் இயற்கைத் தேர்வு.

இதன்கண் பால் யாது? தயிர் யாது? எவ்வுயிரும் வேறோர் உயிராய்த் திரிந்ததாகக் கூறப்படவில்லை. பிறந்த உயிர் பிறந்த இயல்பினதாகவே இறக்கின்றது. மாறுவது ஒரு கூட்டத்தினுள் இவ்வகையன இத்துணை, அவ்வகையன இத்துணை என்னும் விகிதமே. ஒரு நெற்குவியலில் வெண்ணெல்லும் செந்நெல்லும் கலந்திருப்ப, உழவன் ஆண்டுதோறும் செந்நெல்லையே விதைக்கு மிகுதியும் பொறுக்குவானாயின், சில ஆண்டுகளில் குவியல் சிவக்கும். யாதொரு வெண்ணெல்லும் செந்நெல்லாய்த் திரிந்ததில்லை. இதனைத் தெளியாதார் தார்வினாரைக் கற்றவராகார்.

எவல்யூஷன் என்னும் பெயர்ச்சொல் இந்நூலின் முதற்பதிப்பில் இல்லை என்பது ஈண்டு நோக்கற்பாலது. அச்சொல்லின் வினைவடிவம் ஒன்று மட்டும் நூலின் இறுதிச் சொல்லாய் நிற்கின்றது. பெயர்ச்சொல் புகுந்தது 1872-இல் வெளிவந்த ஆறாம் பதிப்பிலேயாம். தக்கது பிழைத்தல் என்னும் பொருள்படும் புகழ்பெற்ற தொடரும் தார்வினாருடையதன்று; அது 1864-இல் ஹெர்பர்ட் ஸ்பென்ஸர் ஆக்கியது; 1869-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் தார்வினாரால் ஏற்கப்பட்டது. இறுதி வாக்கியத்தில் உயிரை முதற்கண் ஊதியவன் படைப்போன் என்னும் சொல்லும் முதற்பதிப்பில் இல்லை. 1860 ஜனவரியில் வந்த இரண்டாம் பதிப்பிற் சேர்க்கப்பட்டது. அவ்வாக்கியத்தைக் காட்டித் தார்வினாரை ஆத்திகர் என்பாரும் நாத்திகர் என்பாரும் எப்பதிப்பு என்று கூறாமல் வழக்காடுவது, ஏட்டு வேறுபாடு நோக்காது பாட்டிற்கு உரை காண்பதையே ஒக்கும். 1959-இல் மோர்ஸ் பெக்கம் என்பார் ஆறு பதிப்பையும் ஒப்புநோக்கிப் பாடவேறுபாடு அனைத்தையும் தொகுத்து அச்சிட்டார். முதற்பதிப்பின் 3,878 வாக்கியங்களுள் ஏறக்குறைய 3,000 வாக்கியங்கள் ஒருமுறையேனும் பன்முறையேனும் திருத்தப்பட்டன என்பது அதனாற் புலனாயிற்று.

இத்துணைத் திருத்தம் எற்றுக்கெனின், வலிய தடைகள் எழுந்தமையின் என்க. அவற்றுள் ஒன்று 1867-இல் பிளீமிங் ஜென்கின் என்னும் பொறியியலறிஞர் எழுப்பியது. தாய் தந்தையர் இயல்புகள் மக்களிடத்து நீரும் பாலும் போலக் கலக்கும் என்பது அக்காலத்தார் பலர்க்கும் உடன்பாடு. அங்ஙனமாயின், நற்கூறு ஒன்றோடு தோன்றிய ஓருயிர் ஏனைய பலவற்றோடு மணந்து ஈனுங்கால் அக்கூறு மகவினிடத்துப் பாதியாம், பெயரனிடத்துக் காலாம், அதன் பின்னர் அரைக்காலாம். தேர்வு செய்தற்கு எஞ்சுவது யாது? குடம் நீரிற் பெய்த துளிப்பால் போல அது மறையுமன்றோ? இது நேர்மையான தடை. அக்கொள்கையை உள்ளவாறே கொண்டு அதன் நெஞ்சிற் பாய்ந்த தடை. தார்வினார் இதனை இகழ்ந்திலர். தனித்துத் தோன்றும் பெருவேறுபாடுகள் நிலைபெறுதல் அரிது என்று ஐந்தாம் பதிப்பில் வெளிப்படையாக உடன்பட்டார்.

ஆனால் உற்ற விடை அவர்பால் இல்லை. அது காணாமையின் அவர் சென்ற வழி வருந்தத்தக்கது. 1868-இல் உடலின் ஒவ்வோர் உறுப்பினின்றும் நுண்டுகள்கள் திரண்டு வித்தினை அடையும் என்று ஒரு கருதுகோளை வெளியிட்டார். உறுப்புப் பயின்றதனால் வந்த மாறுதலும் அத்துகள்வழி மக்களுக்கு வரும் என்றார். பதிப்புத்தோறும் பயிற்சியின் விளைவுக்கு அவர் கொடுத்த இடம் பெருகிற்று. ஆகவே, பரிணாமத்தினின்று விலகிப் புறப்பட்ட கொள்கை, தன் ஆசிரியர் கையிலேயே லாமார்க்கின் பக்கம் ஒருவாறு சாய்ந்தது. ஆறாம் பதிப்பை மட்டும் கற்று இதுவே தார்வினார் முதற்கருத்து என்பார் இதனை ஓர்தல் வேண்டும்.

அச்சாய்வினை அறுத்தவர் ஜெர்மனி நாட்டு ஆகஸ்ட் வைஸ்மன். வித்தணுவின் மரபு உடலணுவின் மரபினின்று வேறாய் வழிவழி வருவது. உடல் பெற்ற மாறுதல் வித்தினைச் சென்று சேராது என்று 1883 முதல் அவர் வாதித்தார். ஐந்து தலைமுறை எலிகளின் வாலை வெட்டி, அவற்றிற்குப் பிறந்த 901 குட்டிகளையும் நோக்கினார். ஒன்றேனும் வால் குறைந்து பிறந்திலது. வாலை வெட்டுதல் உறுப்புப் பயிற்சி ஆகாதே எனின், அது மெய்யே. ஊறுபாடும் மரபாய் வரும் என்று அக்காலத்துச் சொல்லப்பட்ட சான்றுகளை மறுத்தற்கு மட்டும் அச்சோதனை போதும். அவர் வாதத்தின் வலி அதனிற் பெரிதும் அணுவாராய்ச்சியிலேயே நின்றது.

ஜென்கின் தடைக்கு விடையோ அத்தடை தோன்றுமுன்னரே அச்சேறிக் கிடந்தது. மொராவியா நாட்டுப் புருன் நகரத்து மடத்துத் துறவி கிரெகர் மெண்டல் பட்டாணிச் செடிகளைப் பல்லாண்டு ஆய்ந்து, 1865-இல் இருமுறை அவையிற் படித்து, 1866-இல் அச்சிட்டார். உருண்டை விதையினதனையும் சுருங்கிய விதையினதனையும் கலந்தபோது முதற்றலைமுறை முழுதும் உருண்டையாயிற்று. அவற்றின் மக்களிடத்தோ 5,474 உருண்டையும் 1,850 சுருங்கியனவும் தோன்றின. அஃதாவது ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. சுருங்கிய இயல்பு ஒரு தலைமுறை மறைந்ததேயன்றித் தேய்ந்ததில்லை. மீளத் தோன்றியபோது முழுமையாகவே தோன்றிற்று. அணிநூலார் கலப்பினை நீரும் பாலும் போல்வதென்றும் எள்ளும் அரிசியும் போல்வதென்றும் இருவகைப்படுத்துவர். நீர்பாற் கலப்பிற் பிரிவு தோன்றாது. எள்ளரிசிக் கலப்பில் ஒவ்வொன்றும் தன்னுருவிழவாது நிற்கும். மரபுக்கூறுகளின் கலப்பு நீர்பாற் கலப்பன்று, எள்ளரிசிக் கலப்பே என்பது மெண்டலின் காட்சியாம்.

மெண்டல் தார்வினார் நூலின் ஜெர்மன் மொழிபெயர்ப்பைக் குறியிட்டுப் பயின்றவர். தார்வினார் மெண்டலின் கட்டுரையைக் கண்டமைக்குச் சான்றில்லை. 1882-இல் தார்வினாரும் 1884-இல் மெண்டலும் மறைந்தனர். 1900-இல் டி விரீஸ், கொரன்ஸ், செர்மாக் என்னும் மூவரால் அக்கட்டுரை மீண்டும் வெளிப்போந்தது. வெளிப்போந்த உடனே அது தார்வினார்க்குத் துணையாயிற்றோ எனின், இல்லை. டி விரீஸ், பேட்சன் முதலியோர் புதிய இனங்கள் பெருந்தாவலாகவே தோன்றும் என்றனர். வெல்டன், பியர்சன் முதலிய அளவையாளர் வேறுபாடு சிறிதுசிறிதாகவே நிகழும் என்றனர். ஒருவர்க்கு மெண்டல் துணை. மற்றவர்க்குத் தார்வினார் துணை. விடையும் வினாவும் ஓரவையில் இருந்தும் ஒன்றையொன்று அறியாதிருந்த காலம் அது.

அவ்விரண்டனையும் இணைத்தவர் ஆங்கிலக் கணித அறிஞர் ரொனால்ட் பிஷர். உயரம் போல்வதோர் இயல்பு பல மரபணுக்களின் சிறுசிறு பயன்களால் அமைவதாகக் கொள்ளின், மெண்டலின் விதியே அளவையாளர் கண்ட தொடர்ச்சியான வேறுபாட்டைத் தரும் என்று 1918-இல் காட்டினார். 1930-இல் வெளியிட்ட நூலின் தொடக்கத்திலேயே ஜென்கின் தடையின் வேரைத் தொட்டார். நீர்பாற் கலப்பாயின் வேறுபாட்டின் அளவு தலைமுறைதோறும் பாதி பாதியாய்க் குறையும். எள்ளரிசிக் கலப்பாயின் அது குறையாது நிலைபெறும். ஆகலின் தேர்வுக்கு வேண்டும் பொருள் என்றும் உளதாம். 1867-இல் எழுந்த தடை இங்ஙனம் 63 ஆண்டுகள் கழித்து முற்ற விடுக்கப்பட்டது.

இக்கணிதம் கண்கூடாக விளங்குதற்கு அந்துப்பூச்சி ஒன்றின் வரலாறு சாலும். இங்கிலாந்தில் வெண்மையிற் கரும்புள்ளி தூவிய அந்து ஒன்றுண்டு. 1848-இல் மான்செஸ்டர் நகரத்தருகே அவ்வினத்துக் கரிய பூச்சி அருமையாகக் காணப்பட்டது. ஆலைப்புகை மரங்களைக் கருக்கிய பின்னர், அந்நூற்றாண்டின் முடிவில் அப்பகுதியில் ஏறக்குறைய அனைத்தும் கரியனவாயின. 1924-இல் ஹால்டேன் என்னும் அறிஞர் இத்துணை விரைவான மாற்றத்திற்குக் கரியவை வெள்ளியவற்றினும் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு எஞ்சி ஈன்றிருத்தல் வேண்டும் என்று கணக்கிட்டார். 1956-இல் புகைத்தடைச் சட்டம் வந்தபின் மரங்கள் வெளிறின. வெள்ளிய பூச்சிகளே மீண்டும் மிகுந்தன. யாதொரு வெள்ளிய பூச்சியும் கரிதாய்த் திரிந்ததில்லை. பின்னர் யாதொரு கரியதும் வெளுத்ததில்லை. தயிர் மீண்டும் பாலாதல் இல்லை. ஈண்டோ விகிதம் சென்ற வழியே மீண்டது. பரிணாம உவமை இதனினும் தெளிவாகப் பொருந்தாமை யாண்டும் காண்டல் அரிது. இந்த ஹால்டேன் 1957-இல் நம் நாட்டிற் குடியேறிக் கல்கத்தாவில் புள்ளியியற் கழகத்திற் பணிபுரிந்து, 1964-இல் புவனேசுவரத்தில் மறைந்தவர்.

அமெரிக்க அறிஞர் சீவால் ரைட் 1931-இலும், ஹால்டேன் 1932-இலும், உருசியாவிற் பிறந்த டொப்சான்ஸ்கி 1937-இலும் இவ்விணைப்பினை விரித்தனர். 1942-இல் எர்ன்ஸ்ட் மையர் இனம் பிரியுமாற்றையும், 1944-இல் சிம்ப்ஸன் தொல்லுயிர்ப் படிவங்களின் சான்றையும், 1950-இல் ஸ்டெபின்ஸ் பயிரினத்தையும் இதனோடு இயைத்தனர். 1942-இல் ஜூலியன் ஹக்ஸ்லி தம் நூலில் இதற்குப் புதிய தொகுப்பு என்று பெயர் சூட்டினார். 1953-இல் வாட்ஸன், கிரிக் என்னும் இருவர் டி.என்.ஏ.யின் முறுக்கிழை வடிவத்தை வெளியிட்டமையால் எள்ளும் அரிசியும் எப்பொருளால் ஆயின என்பதும் தெளிந்தது. 1968-இல் ஜப்பானிய அறிஞர் கிமுரா, மூலக்கூற்றளவில் நிகழும் மாறுதல்களுட் பெரும்பாலன நன்மையும் தீமையும் இன்றித் தற்செயலாகவே பெருகவும் அருகவும் செய்வன என்றார். உயர்வு நோக்கிய அகப்போக்கு என்பதற்கு இங்கே ஒரு சிறிதும் இடமின்மை காண்க.

இனி முற்கூறிய இருசாரார்க்கும் விடை கூறுதும். குரங்கு மனிதனாதல் கண்டிலேம் என்பார் மறுத்தது தார்வினார் கூறாததனையே. இன்றுள்ள குரங்கு மனிதனாயிற்று என்பது கொள்கையன்று. மனிதர்க்கும் சிம்பன்சிக்கும் பொதுவாகிய முன்னோர் கூட்டம் ஒன்று ஏறக்குறைய 60 முதல் 70 இலட்சம் ஆண்டுகட்கு முன் கிளைத்தது என்பதே இன்றை ஆராய்ச்சியார் கூற்று. கிளைத்த இரண்டும் தத்தம் வழியில் வேறுபட்டன. ஒன்று மற்றொன்றாதலைத் தேடுவார், ஒருவன் தன் தாயத்தானாய்த் திரிதலைத் தேடுபவர் ஆவர்.

சிவபுராணத்தைக் காட்டுவார் செய்வது அதனினும் பெரிய பிழை. அஃது இரு நூலையும் ஒருங்கே பழுதுபடுத்துவதாகலின் என்க. பெருமான் கூறியது ஓருயிர் வினைவயத்தாற் பல உடலெடுத்து உழன்று இளைத்தமை. தார்வினார் கூறியது உடல்வகைகள் தலைமுறைதோறும் விகிதம் மாறிக் கிளைத்தமை. முன்னதற்கு எழுவாய் உயிர். பின்னதற்கு எழுவாய் இனம். வரிசைமுறையும் இதற்கு உடன்படாது. ஆண்டுப் புழுவின் பின் மரமும், பறவையின் பின் பாம்பும், பாம்பின் பின் கல்லும், மனிதரின் பின் பேயும் எண்ணப்பட்டன. இது காலமுறை அன்று. எல்லாப் பிறப்பும் பிறந்தேன் என்னும் அயர்ச்சியின் அடுக்கு. அதனை விலங்கியல் அட்டவணையாக்குவார் பாட்டின் உயிராகிய இரக்கத்தைக் கொன்று, அதற்கு ஈடாகப் பெறுவதும் ஒன்றில்லை. தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுத்ததும் அறிவுபற்றிய பாகுபாடே. ஒன்றினின்று ஒன்று தோன்றிற்று என்று ஆசிரியர் யாண்டும் ஓதிற்றிலர். நம் நூல்களின் பெருமை பிறர் கண்டதனை முன்கண்டன என்னும் சான்றிதழை வேண்டி நிற்பதன்று. அங்ஙனமே, உயிர் என்றொரு பொருள் இல்லை என்று இவ்வாராய்ச்சியால் நிறுவினோம் என்பார் உளராயின், அவரும் விகிதம் பற்றிய கணக்கினால் விகிதமல்லாத பொருளை அளக்கப் புகுந்தோரே.

அற்றேல் இக்கொள்கைக்கு வேறு பெயர் வேண்டுமோ எனின், படிமலர்ச்சி என்பாரும் உளர். மலர்ச்சி அரும்பில் அடங்கியது விரிதலாகலின் அதுவும் அக்குற்றமே உடைத்து. இலங்கைத் தமிழர் பாடநூல்களிற் கூர்ப்பு என்று வழங்குவர். கூர்ப்பு என்பது உள்ளது மிகுதலைக் குறிக்கும் பழஞ்சொல். ஒரு கூட்டத்தில் முன்னரே உள்ள வேறுபாடுகளுள் ஒன்று மிகுதலே தேர்வின் செயலாகலின், அப்பெயர் ஓரளவு இயைபுடைத்து. ஆயினும் வழக்கில் ஊன்றிய சொல்லைப் பெயர்த்தெறிதல் எளிதன்று. பரிணாமம் என்றே வழங்குக. வழங்குங்கால் பாலையும் தயிரையும் நினையாது, விதைநெல்லையும் பொறுக்கும் கையையும் நினைக்க. அக்கையும் இயற்கையில் ஒருவர் கையன்று, பிழைத்தலும் ஈனுதலுமே என்பதனையும் உடன் நினைக்க.

ஜென்கின் தார்வினார்க்குப் பகைவராய்ப் பேசினார். ஆயினும் அவர் கொள்கையை உள்ளவாறு கற்றுப் பேசினமையின், அவர் தடை அக்கொள்கையை அழியாது வளர்த்தது. விடை காண 63 ஆண்டுகள் அறிஞர் பலரை உழைக்கச் செய்தது. பிறர் கொள்கையைக் கல்லாது போற்றும் நட்பினும் கற்று மறுக்கும் பகை நன்று. நம் முன்னோர் பரபக்கம் வகுத்ததன் பயனும் அதுவேயாம்.